பேப் ஸ்மியரா, ஹெச்பிவி சோதனையா?

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் அத்தைக்கு 46 வயது. கர்ப்பப்பை வாய்ப் புற்று அபாயம் இருக்கிறதா என்று பார்க்க இந்த இரண்டு சோதனைகள் இருக்கின்றன. "ரெண்டுல எதுடி எடுக்கிறது?" என்று கேட்டுக் கேட்டே ஒரு மாதமாக எதையும் எடுக்கவில்லை.

எதைப் பார்க்கிறது: பேப் ஸ்மியர், கர்ப்பப்பை வாயில் செல்கள் மாறியிருக்கின்றனவா என்று. ஹெச்பிவி சோதனை, அந்த மாற்றத்தைக் கிளப்பிவிடும் வைரஸையே தேடுகிறது. அந்த வைரஸில் 16, 18 என்ற இரண்டு வகைதான் கர்ப்பப்பை வாய்ப் புற்றில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம்.

கூச்சம்: இங்கேதான் பெரிய வித்தியாசம். பேப் என்றால் காலை அகட்டிப் படுக்க வேண்டும், நர்ஸ் சில்லென்ற கருவியை உள்ளே வைப்பார். ஹெச்பிவிக்கு நீளமான பஞ்சுக்குச்சியைக் கழிவறைக்குள் கொண்டுபோய் நாமே பெண்ணுறுப்புக்குள் வைத்துச் சுழற்றி எடுத்துக் கொடுக்கலாம் (வலிக்காது, கொஞ்சம் கூசும்).

அடுத்தது எப்போது: எல்லாம் சரியாக இருந்தால் பேப் 3 ஆண்டு, ஹெச்பிவி 5 ஆண்டு.

செலவு: அரசாங்க கிளினிக்கில் பேப் இலவசம். தனியாரிடம் ஹெச்பிவிக்குக் கூடுதல் வெள்ளி (ரிங்கிட்) ஆகும்.

வைரஸ் இருந்தால் புற்று என்று அர்த்தமில்லை, பெரும்பாலும் உடம்பே விரட்டிவிடும். உடலுறவால் தொற்றுவதுதான், ஆனால் அது பல வருடம் சத்தமில்லாமல் இருக்கக்கூடியது, அதனால் புருஷனோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

இருபதுகளில் இருப்பவர்களுக்கு பேப் போதும். முப்பது தாண்டி, கூச்சத்தால் தள்ளிப்போடும் அத்தை மாதிரி ஆட்களுக்கு ஹெச்பிவி. உறவுக்குப் பிறகு ரத்தம் பட்டால் இரண்டுக்கும் காத்திருக்காமல் நேரே டாக்டரிடம் போங்கள்.