கப்பலா, ரயிலா? என் ஓட்டு ரயிலுக்கு

மத்தியதரைக்கடலில் ஏழு இரவு சொகுசுக் கப்பலில் போய் மனசு நிறையாமல் திரும்பினேன். அடுத்த வருடம், அந்தக் கப்பல் போன இத்தாலியை ரயிலில் சுற்றினேன். ஊர் பார்ப்பதுதான் ஆசை என்றால் யோசிக்காமல் ரயிலில் போங்கள்.

கப்பலில் பெட்டியை ஒரு தடவை பிரித்து வைத்தால் போதும், சாப்பாடும் படுக்கையும் கூடவே வரும். அதில் எனக்குக் குறையில்லை.

என்னை வாட்டியது நேரம். அட்டவணையில் 'ரோம், காலை 7 முதல் மாலை 7 வரை' என்று இருந்தது. ஆனால் கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில், அங்கிருந்து ரோம் சுமார் 70 கிலோமீட்டர். இறங்க ஒரு வரிசை, துறைமுக வாசல் வரை பஸ், அப்புறம் ரயில், சாயங்காலம் கப்பல் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஏறிவிட வேண்டும், நாமாகப் போய்த் தாமதமானால் நமக்காக நிற்காது. எல்லாம் போக ரோமுக்கு மிஞ்சியது ஐந்தரை மணி நேரம். பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோவிலின் வாசலில் நீண்ட வரிசை, மணியைப் பார்த்துவிட்டு உள்ளே போகாமலே திரும்பினேன். லிவோர்னோ துறைமுகத்தில் இறங்கி ஃப்ளாரன்ஸ் போன அன்றும் இதே ஓட்டம்தான்.

பிரான்சின் கான் நகரத்தில் கால்கூட வைக்கவில்லை. பெரிய கப்பல்கள் அங்கே கரையை ஒட்டி நிற்பதில்லை, நங்கூரம் போட்டுச் சிறு படகில்தான் இறக்குவார்கள். அன்று காற்று பலமாக இருக்கிறது என்று ரத்து செய்தார்கள். மேல்தளத்தில் நின்றால் கடற்கரைக் குடைகளின் நிறம்கூடத் தெரிந்தது. திரும்பக் கிடைத்தது துறைமுகக் கட்டணம் மட்டும். ஊரைத் தவிர்க்கும் உரிமை கப்பலுக்கு உண்டு என்று டிக்கெட் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, அதனால் காற்றைக் குறை சொல்லவில்லை. முன்பதிவின்போது இதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே என்பதுதான் என் கோபம்.

ரயிலில் ரோமிலிருந்து ஃப்ளாரன்ஸ் ஒன்றரை மணி நேரம், ஊர் நடுவிலேயே இறங்கலாம். பாந்தியனுக்கு இரண்டு நாள் போனேன், கூரைத் துளை வழியாக விழுந்த வெயில் வட்டம் மெல்ல நகர்வதை அரை மணி நேரம் நின்று பார்த்தேன்.

பெட்டியை இழுத்துக்கொண்டு நிலையப் படிகளில் ஏறுவது சிரமம்தான். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கூட வந்தால் நானே கப்பலைத்தான் சொல்வேன். நார்வே, அலாஸ்கா பக்கம் நான் போனதில்லை. அங்கே மலையையும் பனியாற்றையும் கப்பலிலிருந்தே பார்க்கலாம் என்பதால் இந்தக் கணக்கு மாறக்கூடும்.