மீன் கணக்கை பிக்குவெரிக்கு அனுப்ப எந்த வழி?

மண்டபத்தில் மீனும் நண்டும் எடுத்து வெளியூருக்கு ஏற்றும் ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். எடை, விலை, படகுக்குக் கொடுத்த முன்பணம் எல்லாம் அலுவலக கம்ப்யூட்டரில் உள்ள மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் ஏறுகிறது. எந்தப் படகு எந்த மாதம் எவ்வளவு தந்தது, நண்டு விலை மூன்று வருஷமாக எப்படிப் போனது என்று இப்போது முதலாளிக்குப் பார்க்க வேண்டும். பில் போடும் கம்ப்யூட்டரிலேயே அந்தப் பெரிய குவெரியை (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை) ஓட்டினால் ஏல நேரத்தில் பில் திரை திணறும். சரி, பெரிய கணக்குகளை அலசுவதற்கான கூகுளின் கிளவுட் சேவையான பிக்குவெரிக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவு. எப்படி அனுப்புவது என்பதில்தான் மூன்று கட்சி.

முதல் கட்சி: எதையும் நகர்த்த வேண்டாம், பிக்குவெரியிலிருந்தே டேட்டாபேஸைக் கேட்டுக்கொள்ளலாம். எக்ஸ்டர்னல் குவெரி என்று ஒரு வசதி இருக்கிறது. ஆனால் அது கூகுளின் கிளவுட் எஸ்கியூஎல், அல்லாய்டிபி, ஸ்பேனர் போன்ற கிளவுட் டேட்டாபேஸ்களோடுதான் பேசும். மண்டபத்து அலமாரியில் ஓடும் கம்ப்யூட்டரோடு பேசாது. அதற்காக பில் டேட்டாபேஸையே கிளவுடுக்கு மாற்றினால், விடிகாலையில் நெட் போனால் பில்லும் போச்சு. தவிர, கேள்வி கேட்கும் ஒவ்வொரு முறையும் சுமை பழைய இடத்தில்தான் விழும். டேட்டாபேஸ் ஏற்கெனவே கிளவுடில் இருப்பவர்களுக்கு நல்ல வழி. நம்மவருக்கு இல்லை.

இரண்டாவது, தினம் ஒரு தடவை ஃபைலாக எடுத்து மும்பை ரீஜனில் உள்ள கிளவுட் ஸ்டோரேஜில் (கூகுளின் ஃபைல் கிடங்கில்) போட்டு, அங்கிருந்து பிக்குவெரியில் ஏற்றுவது. இதைப் பழைய காலத்து வேலை என்று இளக்காரமாகப் பார்க்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லாருக்கும் பொதுவான சர்வர்களில் ஓடும் லோட் ஜாபுக்கு (ஃபைலை ஏற்றும் வேலைக்கு) பிக்குவெரி காசு வாங்குவதில்லை. மாதம் 10 ஜிபி சேமிப்பும் 1 டிபி வரை குவெரியும் இலவசம். இந்த அளவு கம்பெனியின் பில்கள் பல வருஷத்துக்கு அதைத் தாண்டாது. இணைப்பு உள்ளேயிருந்து வெளியே மட்டும் போகிறது என்பதால், அடிக்கடி ஐபி (நெட் முகவரி) மாறும் சாதாரண பிராட்பேண்டே போதும். இரவு நெட் இல்லையா, மறுநாள் போகும்.

சிக்கல் வேறிடத்தில். கரையில் போட்ட எடை அப்படியே நிற்பதில்லை. லாரி ஃபேக்டரி வாசலுக்குப் போனதும் தரம் பிரிப்பார்கள், உடைந்த நண்டைக் கழிப்பார்கள், பழைய பில்லைத் திறந்து எடையைத் திருத்துவார்கள். 'கடைசி பில் நம்பருக்கு மேலே உள்ளதை மட்டும் அனுப்பு' என்று எழுதிய ஸ்கிரிப்ட்டுக்கு இந்தத் திருத்தம் தெரியவே தெரியாது. திருத்திய நேரத்தைக் குறிக்கும் நெடுவரிசை ஒன்று டேபிளில் சேர்த்தால் திருத்தம் பிடிபடும். அழித்த பில் அப்போதும் பிடிபடாது. என் யோசனை எளிது: சில லட்சம் வரிசைகள்தானே, தினமும் டேபிளை முழுசாகவே மாற்றிவிடுங்கள். ஏற்றுவது பாதியில் தோற்றால் பிக்குவெரியில் பழைய டேபிள் அப்படியே இருக்கும், அரைகுறையாக எதுவும் நிற்காது. நள்ளிரவு வரை காத்திருக்கவும் வேண்டாம். லாரித் திருத்தங்கள் முடியும் இரவு 9 மணி சரியான நேரம். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: எடுக்கும் சிஎஸ்வி ஃபைலில் (கமா போட்டுப் பிரித்த ஃபைலில்) காலி இடத்துக்கு மைஎஸ்கியூஎல் ஒரு பின்சாய்கோடும் 'என்' எழுத்தும் போட்டு வைக்கும். அது காலி என்று லோட் ஜாபுக்குச் சொல்லாவிட்டால் எடை நெடுவரிசையில் எழுத்து வந்துவிட்டது என்று ஜாப் நின்றுவிடும்.

மூன்றாவது சிடிசி, அதாவது மாற்றங்களை மட்டும் பிடித்து அனுப்புவது. மைஎஸ்கியூஎல் தன் மாற்றங்களை எழுதும் பின்லாக் என்ற பதிவை டெபீசியம் என்ற மென்பொருளோ கூகுளின் டேட்டாஸ்ட்ரீம் சேவையோ படித்து, ஒவ்வொரு சேர்ப்பையும் திருத்தத்தையும் அழிப்பையும் உடனுக்குடன் அனுப்பும். எல்லாரும் இதன் வேகத்தைத்தான் புகழ்கிறார்கள். இந்தக் கரையில் வேகத்துக்கு என்ன வேலை? ராமேஸ்வரத்து விசைப்படகுகள் வாரம் மூன்று நாள்தான் கடலுக்குப் போகின்றன. மறுநாள் விடியலில் சில மணி நேரம் பில் கொட்டும், அப்புறம் அமைதி. சிடிசியின் உண்மையான பலன் வேறு: பழைய வரிசையின் மேல் எழுதாமல் மாற்றங்களை அடுத்தடுத்துச் சேர்த்து வைத்தால், ஒரு பில்லின் எடை 42 கிலோவிலிருந்து 38 ஆனது, எப்போது ஆனது என்ற வரலாறு முழுசாக நிற்கும். படகுக்காரருடன் கணக்கு வழக்கு வரும்போது அதற்கு விலையே இல்லை.

ஆனால் மீன்பிடித் தடைக்காலத்தை யோசியுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். படகு இல்லை, எதற்கு வாடகை என்று டெபீசியம் ஓடும் மெஷினை நிறுத்திவிடுவது இயல்பு. மைஎஸ்கியூஎல் 8 பின்லாகை வைத்திருக்கும் இயல்பான கெடு 30 நாள். நாட்டுப்படகு, அலுவலகச் செலவு என்று பதிவு ஓடிக்கொண்டிருந்தால் பழைய பின்லாக் கழிந்துவிடும். ஜூன் 15 காலை மெஷினைத் திறந்தால் விட்ட இடம் கிடைக்காது; முழு டேபிளையும் மறுபடி எடுக்கச் சொல்லும். கெடுவை 70 நாளுக்கு ஏற்றினால் தப்பிக்கலாம், டிஸ்க் இருந்தால். டேட்டாஸ்ட்ரீமுக்கு வேறு தலைவலி: அது வெளியேயிருந்து உள்ளே வர வேண்டும், ஆகவே நிலையான ஐபியோ, விபிஎன், எஸ்எஸ்ஹெச் டனல் போன்ற பாதுகாப்பான தனிப் பாதையோ தேவை.

ஒரு கண்ணி இந்த இரண்டு வழியையும் ஒப்பிடும்போதுதான் தெரியும். பில் நேரம் டைம்ஸ்டாம்ப் வகையாக இருந்தால், ஃபைல் வழியில் கம்ப்யூட்டரின் இந்திய நேரத்தில் வரும். டெபீசியம் அதையே யுடிசியில் (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் உள்ள உலகப் பொது நேரத்தில்) தரும். செவ்வாய் காலை 4.30 ஏலம் அங்கே திங்கள் இரவு 11.00. அதாவது படகு கடலுக்குப் போன நாளிலேயே மீன் விற்றதாக ரிப்போர்ட் காட்டும்! மாதக் கூட்டு ஏறக்குறைய சரியாக இருக்கும், நாள் கூட்டு தப்பிப்போகும். சிடிசி வழியில் தேதி எடுக்கும் இடமெல்லாம் ஆசியா/கொல்கத்தா என்ற நேர மண்டலத்தை எழுதுங்கள்.

ஒரே கரை, ஒரே பில் மேஜை என்றால் இரவு ஃபைலே போதும். தொண்டி, பாம்பன், ஏர்வாடி என்று நான்கு கரையில் ஒரே நேரத்தில் பில் போட்டு, எந்த லாரிக்கு எவ்வளவு ஐஸ் என்று காலை 6 மணிக்கே முடிவெடுக்கிற கம்பெனியாக இருந்தால் சிடிசிக்குச் செலவழிக்கலாம். அப்போதும் தடைக்காலத்தில் மெஷினை நிறுத்தாதீர்கள்.