லாங் பஜார் போர்டுகளை எங்கே மாட்டுவது?

வேலூர் லாங் பஜாரில் கையால் எழுதிய கடைப் போர்டுகள் ஒவ்வொன்றாக இறங்கி, அந்த இடத்தில் ஃபிளெக்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. மிச்சம் இருப்பதையாவது படமெடுத்து, எழுதிய பெயிண்டர் யார் என்று கேட்டு, ஒரு சைட்டாகப் போடலாம் என்று காலேஜ் இரண்டாம் வருடத்தில் கிளம்பினோம். முந்நூறு படம் சேர்ந்தது. எங்கே போடுவது என்பதில்தான் சண்டை. நாலு பேர், நாலு யோசனை. நாலையும் செய்து பார்த்தாயிற்று.

முதலில் காசு கொடுத்து ஹோஸ்டிங், அதாவது சைட்டை வைக்க வாடகை இடம்; கூடவே சொந்த டொமைன், அதாவது சைட்டின் விலாசம். கெத்துதான். ஆனால் விளம்பரத்தில் தெரிவது முதல் வருட விலை; ரினியூவலில் தெரிந்தது வேறு விலை. கார்டு அப்பாவுடையது. நினைவூட்டல் மெயில் போனதோ யாருமே திறக்காத ஒரு ஐடிக்கு. தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று எங்கள் ஊரைக் கேலி செய்வார்கள். கோட்டைக் கோயில் சாமி ஜலகண்டேஸ்வரர் 1981இல் திரும்பிவிட்டார். அவர் விட்ட இடத்தை எங்கள் சைட் பிடித்தது: விலாசம் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை.

அடுத்து, சைட் போட இடம் தரும் வேர்ட்பிரஸில் இலவசக் கணக்கு: 1 ஜிபி இடம், நடுவில் யாருடைய விளம்பரமோ. தமிழில் தலைப்பு வைத்தால், லிங்க்கை வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது நாலு வரிக்கு சதவீதக் குறியாக வரும். வேண்டாம்.

இலவசமாக வலைப்பதிவு எழுத இடம் தரும் பிளாகர் பழைய ஆள். 1999இல் வந்தது, 2003இல் கூகுள் வாங்கியது. எங்களில் தமிழ் இலக்கியம் படித்தவள் அரை மணி நேரத்தில் பழகிவிட்டாள். இதிலும் தமிழ்த் தலைப்புக்குத் தொந்தரவு உண்டு. எழுத்தையெல்லாம் விழுங்கிவிட்டு 'பிளாக்-போஸ்ட்' என்றே முகவரி கொடுக்கும். தலைப்பை இங்கிலீஷில் அடித்து வெளியிட்டுவிட்டு, அப்புறம் தமிழுக்கு மாற்ற வேண்டும். எழுத்துக்கு இது போதும். தெருவாரியாக மேப்பில் போர்டுகளைக் காட்ட வேண்டும் என்றால் டெம்ப்ளேட்டோடு மல்லுக்கட்ட வேண்டும்.

நாமே எழுதிய கோப்புகளை ஏற்றினால் அப்படியே சைட்டாகக் காட்டும் கிட்ஹப் பேஜஸில் அந்த மல்லு இல்லை. பக்கத்தில் மேப் காட்டும் லீஃப்லெட் என்ற நிரலும், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச மேப்பும் வைத்து மேப்பை ஒரே ராத்திரியில் போட்டேன். காசு கிடையாது; கோப்புகள் எல்லாரும் பார்க்கும்படி பப்ளிக்காக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சைட்டுக்கு உச்சவரம்பு 1 ஜிபி. போனில் எடுத்த படம் ஒன்று 4 எம்பி, முந்நூறுக்கு 1,200 எம்பி. அப்படியே ஏற்றினால் தாண்டிவிடும். அகலத்தை 1,200 பிக்சலாகக் குறைத்ததும் ஒன்று சுமார் 150 கேபி, மொத்தமே 45 எம்பி. சரி, முடிந்தது என்று பார்த்தால் பாதிப் படம் தெரியவில்லை. என் விண்டோஸ் லேப்டாப்பில் ஒழுங்காக வந்ததுதான்! படக் கோப்பின் பெயரில் 'ஜேபிஜி' இங்கிலீஷ் பெரிய எழுத்தில், அதைக் காட்டும் வெப் பக்கத்தில் நான் எழுதியது சின்ன எழுத்தில். விண்டோஸ் கண்டுகொள்ளாது, கிட்ஹப்பில் இரண்டும் வேறு வேறு. விடிய விடிய மாற்றினேன்.

என் ஓட்டு இதற்குத்தான். வசதிக்காக அல்ல, மொத்த ஃபோல்டரும் நாலு பேர் லேப்டாப்பிலும் இருக்கிறது, காலேஜ் முடிந்தாலும் யாரும் பூட்ட முடியாது. குறை ஒன்று: நான் இல்லாமல் மற்றவர்கள் ஒரு வரி திருத்தத் தயங்குகிறார்கள். அதனால் அவள் இன்னும் பிளாகரில்தான் எழுதுகிறாள், ஞாயிறு ராத்திரி நான் எடுத்து இங்கே போடுகிறேன். தலைப்பை முதலில் இங்கிலீஷில் அடிக்கும் பழக்கம் மட்டும் அவளுக்குப் போகவில்லை. மளிகைச் சீட்டுக்கும் அப்படித்தான்.