ஒரே மதர்போர்டில் இரண்டு செயலிகள்: எட்டு ஆண்டுகள் கடந்த பின்

2017இல் நான் ஏஎம்டியின் ரைசன் 7 1700 செயலியைத் தேர்ந்தெடுத்தபோது, என் கணினியின் முக்கிய வேலை பெரிய நிரல்களைக் கம்பைல் செய்வதுதான், அதாவது இயந்திர மொழிக்கு மாற்றுவது. இன்டெல்லின் ஐ7-7700கே நான்கே கோர்களோடு (செயலிக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்) 4.5 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடியது. ஏஎம்டியோ 65 வாட்டுக்குள் எட்டு கோர்களை அடக்கி, வேகத்தை 3.7 கிகாஹெர்ட்ஸோடு நிறுத்திக்கொண்டது. நூற்றுக்கணக்கான கோப்புகளைத் தனித்தனியே கம்பைல் செய்பவனுக்கு இரண்டாவதே இலாபம்.

அந்த எட்டும் உண்மையில் நான்கு கோர்கள் கொண்ட இரு தொகுதிகள். ஒவ்வொன்றுக்கும் தனியாக 8 மெகாபைட் எல்3 கேஷ், அதாவது செயலிக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம். ஒரு தொகுதியின் கோருக்கு மற்றதன் கேஷில் இருக்கும் தரவு தேவைப்பட்டால் சுற்றிவந்துதான் பெற வேண்டும். விளையாட்டுகளில் தெரியக்கூடிய இந்தத் தாமதம் கம்பைலரில் தெரிந்ததே இல்லை. தொடக்க மாதங்களில் ரேம் அதற்குரிய வேகத்தில் ஓட மறுத்தது. மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைச் சிலமுறை புதுப்பித்த பிறகே நிலைபெற்றது.

2022இல் அதே மதர்போர்டில் ஏஎம்டியின் 5800எக்ஸ்3டி செயலியைப் பொருத்தினேன். அதற்குள் என் வேலை, நினைவகத்தில் சிதறிக் கிடக்கும் தரவைத் தேடித் தேடிப் படிக்கும் உருவகப்படுத்தல்களுக்கு மாறியிருந்தது. இதில் 32 மெகாபைட் எல்3 கேஷின் மேல் இன்னொரு 64 மெகாபைட்டை அடுக்கியிருக்கிறார்கள். அதற்கு ஈடாக, இந்த அடுக்கு இல்லாத 5800எக்ஸில் 4.7ஆக இருந்த உச்ச வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸாகக் குறைந்தது. வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கியை உயர்த்தி ஓவர்கிளாக் செய்யும், அதாவது குறித்த வேகத்தைத் தாண்டி ஓட்டும், வழியும் அடைக்கப்பட்டது. கோர்களின் வெப்பம் மேலே வைத்த கூடுதல் சிலிக்கனைக் கடந்தே வெளியேற வேண்டியிருப்பதால் என் பழைய கூலர் திணறியது, பெரியதாக மாற்றினேன். உருவகப்படுத்தல்கள் நான் எதிர்பார்த்ததைவிட விரைவாக முடிந்தன. காணொளி மாற்றத்துக்கோ இத்தனை கேஷ் வீண்தான். அதை மட்டுமே செய்பவர் சாதாரண 5800எக்ஸையே வாங்கியிருக்கலாம்.

போட்டியாளரான இன்டெலும் சும்மா இருக்கவில்லை. 2009 முதல் சாதாரண மேசைக்கணினி ஐ7களில் நான்கைத் தாண்டாத கோர் எண்ணிக்கை, 2017 அக்டோபரில் ஆறானது. ரைசன் வராவிட்டால் அது நடந்தேயிராது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன்; நெருக்கடி இருந்தது என்பது மட்டும் உறுதி. 2021இல் இன்டெல் பெரிய கோர்களோடு சிறிய கோர்களைக் கலந்தது. ஒரு பெரிய கோரின் இடத்தில் ஏறத்தாழ நான்கு சிறியவை அமரும் என்பது சாமர்த்தியமான கணக்கு; ஆனால் ஒரே அடியில் பல எண்களைக் கணக்கிடும் ஏவிஎக்ஸ்-512 கட்டளைகளை அவற்றால் இயக்க இயலாததால், பெரிய கோர்களும் அத்திறனைத் துறக்க நேர்ந்தது. இந்த வகையைச் சேர்ந்த 12900கேயின் உச்ச மின்தேவை 241 வாட். என் அறைக்கு அது ஒத்துவராது.

2024இல் வந்த ஏஎம்டியின் 9800எக்ஸ்3டியில் கேஷ் கோர்களுக்கு அடியில் போய்விட்டது. கோர்கள் நேரடியாகக் குளிர்ந்ததால் வேகம் 5.2 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது, ஓவர்கிளாக்கும் திரும்பியது. ஆசைதான், ஆனால் அதற்கு ஏஎம்5 என்னும் புதிய சாக்கெட் கொண்ட மதர்போர்டும் டிடிஆர்5 என்னும் புதிய வகை ரேமும் வேண்டும் என்பதால், 2017இன் பலகையையே இன்னும் வைத்திருக்கிறேன்.