பகலில் பி.எஸ்சி. கணிதம், மாலையில் சி லாங்குவேஜ்: திருச்சி கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றின் விமர்சனம்

தில்லை நகர்ப் பக்கம் மாலை நேரக் கம்ப்யூட்டர் கோர்ஸ் சேரலாமா என்று யோசிக்கிற பி.எஸ்சி., பி.காம். ஆட்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சி என்ற புரோகிராமிங் மொழி, தகவலை அடுக்கி வைக்கும் முறைகளான டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் மூன்றுக்கும் காசு கொடுக்கலாம். அதே இடத்தில் விற்கிற ஃபுல் ஸ்டாக்குக்கு, அதாவது வெப்சைட்டை முழுக்கக் கட்டச் சொல்லிக்கொடுக்கும் கோர்ஸுக்கு, கொடுக்காதீர்கள். சென்டர் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் குறையும் நிறைய சொல்லப்போகிறேன், அதோடு அந்த ஏரியாவில் கிராஸுக்கு ஒன்றாவது இருக்கிறது, மற்ற சென்டர்களுக்குப் போன தோழிகளிடம் கேட்டால் கிட்டத்தட்ட இதே கதைதான்.

நான் திருச்சியில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் கணிதம் படிக்கிறேன், வீடு லால்குடி. இரண்டாம் வருடத்தில் இந்த ஆறு மாத கோர்ஸில் சேர்ந்தேன்.

சேரும் கதையைக் கேளுங்கள். உள்ளே நுழைந்ததும் கிளாஸ் எடுக்கிற ஆளைப் பார்க்க முடியாது. கவுன்சிலர் என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். என்ன படிக்கிறீர்கள் என்று கேட்பார், பதில் எதுவாக இருந்தாலும் "உங்களுக்கு ஃபுல் ஸ்டாக்தாம்மா கரெக்டா இருக்கும், பிளேஸ்மென்ட் நாங்க பாத்துக்கறோம்" என்பார். ஃபுல் ஸ்டாக் 45,000 ரூபாய். எனக்கு வேண்டிய மூன்று பாடமும் சேர்த்து 18,000. இதில் ஒரு விஷயம் கவனியுங்கள், போர்டில் எழுதியிருக்கும் தொகையோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி. 18,000 என்பது பில் போடும்போது 21,240 ஆகிவிடும். எங்கள் அப்பா அந்த 3,240-க்காகவே கால் மணி நேரம் பேசிப் பார்த்தார், வரியில் ஒன்றும் குறையவில்லை, ஆனால் மூன்று தவணை கிடைத்தது. அதைக் கேட்டால்தான் கொடுப்பார்கள், தானாகச் சொல்ல மாட்டார்கள். பிளேஸ்மென்ட் பற்றிச் சொன்னதையெல்லாம் ரசீதின் பின்னால் எழுதித் தரச் சொன்னதும் "அசிஸ்டன்ஸ்" என்று மாற்றிக்கொண்டார்கள். அங்கேயே விஷயம் புரிந்துவிட்டது.

நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை மாலை ஆறே காலிலிருந்து எட்டே கால். எனக்குக் காலேஜ் காலை ஷிப்ட், மதியத்தோடு முடிந்துவிடும், நடுவில் இருக்கிற நேரத்தை லைப்ரரியில் ஓட்டலாம். மதிய ஷிப்ட் ஆட்கள் பாவம், காலேஜ் விட்டு நேராக ஓடி வந்து, பாதிப் பேர் டீகூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். லால்குடி, சமயபுரம் பக்கம் போகிற பெண்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. டவுன் பஸ்ஸில் விடியல் பயணம் இருப்பதால் பஸ் செலவு கிடையாது, அது பெரிய உதவி, ஆனால் எட்டே காலுக்குக் கிளாஸ் விட்டு சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போய்ச் சேர்வதற்குள் அந்த பஸ்ஸெல்லாம் அரிதாகிவிடும். காத்திருக்க வேண்டும், அல்லது காசு கொடுத்து வேறு பஸ். வீட்டில் இதை முதலிலேயே பேசி முடித்துவிட்டுச் சேருங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு ராத்திரியும் பஞ்சாயத்துதான்.

சரி, பாடத்துக்கு வருவோம். எனக்குக் காலேஜிலும் சி ஒரு பேப்பர் இருந்தது. லேபில் 90களின் தொடக்கத்து டர்போ சி, அந்த நீலத் திரை, பழைய டாஸ் புரோகிராம்களை ஓட்ட உதவும் டாஸ்பாக்ஸுக்குள் ஓடும். முதல் வரி கோனியோ டாட் ஹெச், அடுத்து வாய்ட் மெயின், அப்புறம் கிளியர் ஸ்க்ரீன். ரெக்கார்ட் நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, செமஸ்டர் பிராக்டிகலில் அதையே அடித்தால் மார்க். அதில் ஃபேக்டோரியல், அதாவது ஒன்றிலிருந்து அந்த எண் வரை பெருக்கிச் சொல்லும் புரோகிராம் எல்லாரும் போட்டிருப்போம். ஏழுக்கு 5040 வரும். எட்டு கொடுத்தால் 40320 வர வேண்டும், ஆனால் மைனஸ் 25216 என்று வரும். லேபில் கேட்டால் "சின்ன நம்பராக் குடும்மா" என்பார்கள்.

சென்டரில் முதல் வாரமே இதைத்தான் எடுத்தார் சி சொல்லிக்கொடுத்த சார். டர்போ சி-யில் இன்ட், அதாவது முழு எண்ணை வைக்கும் இடம், இரண்டு பைட், அதிகபட்சம் 32767 வரைதான் தாங்கும், 40320 அதைத் தாண்டுகிறது, 65536-ஐக் கழித்தால் என்ன வருகிறது பார் என்றார். கழித்தோம், அதே மைனஸ் 25216. வகுப்பே ஒரு நிமிடம் அமைதியாகிவிட்டது. பிறகு ஜிசிசி என்ற இன்னொரு சி கம்பைலரில் அதே புரோகிராமை ஓட்டச் சொன்னார். அங்கே இன்ட் நான்கு பைட், பன்னிரண்டு வரை ஒழுங்காக வருகிறது, பதின்மூன்றுக்கு 1932053504. பார்க்க நியாயமான எண் மாதிரி இருக்கிறது, மைனஸ்கூட இல்லை, ஆனால் தப்பு. சரியான விடை 6227020800. "மைனஸ் வந்தா உனக்குச் சந்தேகம் வரும், இது வந்தா நம்பி ரிப்போர்ட்ல போட்டுடுவே, அதான் ஆபத்து" என்றார். வகுத்து மீதியை மட்டும் பார்க்கும் மாடுலோ கணக்கை நம்பர் தியரி பேப்பரில் படித்துவிட்டு, அது கம்ப்யூட்டருக்குள் இப்படி உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாமலே பாஸ் பண்ணிவிட்டுப் போகிறவர்கள் எங்கள் கிளாஸில் அறுபது பேர்.

பாயின்டரும், அதாவது ஒரு எண் மெமரியில் இருக்கும் இடத்தின் முகவரியை வைத்திருப்பதும், அப்படித்தான். ஏ, பி என்று இரண்டு எண்ணை மாற்றிப்போடும் ஸ்வாப் ஃபங்ஷன் எழுதச் சொன்னார். எழுதினோம், ஃபங்ஷனுக்குள் மாறுகிறது, வெளியே வந்தால் மாறவில்லை. சார் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. மெயின் புரோகிராமில் இருக்கிற ஏ-யின் முகவரியையும் ஃபங்ஷனுக்குள் இருக்கிற ஏ-யின் முகவரியையும் பிரிண்ட் பண்ணி, கடைசி மூன்று இலக்கத்தை மட்டும் பேப்பரில் எழுதுங்கள் என்றார். இரண்டும் வேறு வேறு. ஒரே பெயரில் இரண்டு ஆள். பிறகு முகவரியையே அனுப்பச் சொன்னார், இப்போது இரண்டு இடத்திலும் ஒரே இலக்கம், வெளியேயும் மாறிவிட்டது. ஒரு பையன் மட்டும் திரும்ப ஓட்டிவிட்டு "சார், முகவரி மாறிடுச்சு" என்று பதறினான். ஓட்டும்போதெல்லாம் வேறு இடம் கிடைக்கும்டா, அது உன் தப்பில்லை என்று சிரித்தார். இதை வீடியோவில் பார்த்திருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பேன். பின்னால் நின்று என் திரையைப் பார்த்து, எந்த வரியில் நட்சத்திரக் குறி விட்டுப்போனது என்று சொல்லாமல், "அந்த வரியை வாய்விட்டுப் படி" என்று ஒருவர் சொல்வதற்குத்தான் நான் காசு கொடுத்தேன் என்று நினைத்துக்கொள்கிறேன்.

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸிலும் லிங்க்டு லிஸ்ட், ஸ்டாக், க்யூ, பைனரி ட்ரீ வரைக்கும் அவரே. கிராஃப் வரும்போது அவர் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். இங்கேதான் இந்த மாதிரி சென்டர்களின் பெரிய ஓட்டை. முழு இடமும் ஒரு ஆளின் மேல் நிற்கிறது. மாற்றாக வந்தவர் எங்களைவிட ஒன்றிரண்டு வருடம் மூத்தவர், அதே சென்டரில் படித்தவர், பிபிடி-யை வாசித்தார். ஒரு சந்தேகம் கேட்டால் "நாளைக்குச் சொல்றேன்" என்பார், நாளைக்கு லீவு. அவரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை, அவருக்கு என்ன சம்பளம் கொடுத்தார்களோ. நாங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஆபீஸில் போய்ப் பேசினோம். கிராஃபை அடுத்த பேட்சோடு சேர்ந்து உட்கார்ந்து முடித்துக்கொள்ளுங்கள் என்று அனுமதி கொடுத்தார்கள், அதற்குத் தனிக் காசு கேட்கவில்லை, அந்த வரைக்கும் நல்லது.

எஸ்க்யூஎல் எடுத்த மேடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மைஎஸ்க்யூஎல்-தான், புதிதாக எதுவும் இல்லை, ஆனால் உதாரணங்களை எங்கள் வாழ்க்கையிலிருந்தே எடுப்பார். இன்டர்னல் மார்க் டேபிள் ஒன்று போட்டார். ஐந்து பேர், 40, 50, 60, மீதி இரண்டு பேர் ஆப்சென்ட், அவர்களுக்கு நல் வேல்யூ, அதாவது மதிப்பே இல்லை என்ற குறி. சராசரி கேட்டால் 50 என்கிறது. நல் இருக்கிற இடத்தில் பூஜ்யம் போட்டால் 30. "எது சரி?" என்று கேட்டுவிட்டு பதில் சொல்லாமல் நின்றார். பரீட்சைக்கு வராதவனுக்குப் பூஜ்யமா, கணக்கிலேயே சேர்க்கக்கூடாதா என்று அரை மணி நேரம் சண்டை போட்டோம். கடைசியில், அது கேள்வி கேட்டவரிடம் போய்க் கேட்க வேண்டிய விஷயம், டேட்டாபேஸ் முடிவு பண்ணாது என்றார். நல்-லை ஈக்குவல் டு போட்டுத் தேடினால் ஒரு வரிகூட வராது, இஸ் நல் என்றுதான் கேட்க வேண்டும் என்பது அன்றைக்குப் படிந்ததுதான், இனிமேல் மறக்காது. காலேஜில் மேக்ஸ் டிபார்ட்மென்ட்டுக்கு டேட்டாபேஸ் பேப்பரே கிடையாது, ஆகவே இது முழுக்க லாபம்.

ஃபுல் ஸ்டாக் பேட்ச் பக்கத்து ரூம். என் தோழி அதில் இருந்தாள், அதனால் தெரியும். ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், ரியாக்ட், நோட், மாங்கோ எல்லாம் ஆறு மாதத்தில், எதையும் தொட்டுத் தொட்டு விட்டுவிடுவார்கள், கல்யாணப் பந்தியில் கடைசி வரிசைக்குப் பரிமாறுவது போல. கடைசியில் புராஜெக்ட் என்று லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம், போன பேட்ச் செய்த அதே கோப்பு, தலைப்பில் இருக்கிற பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். ஒருத்தி மாற்ற மறந்துவிட்டு வேறு ஒருவர் பெயரோடு டெமோ காட்டினாள், யாரும் கவனிக்கவில்லை. 45,000 ரூபாய்க்கு அது அநியாயம்.

இலவசமாகவே கிடைக்கிறதே, எதற்குக் காசு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஐஐடி ஆட்களின் ஆன்லைன் பாடங்கள் கிடைக்கும் என்பிடெலில் ஐஐடி கரக்பூர் பேராசிரியர் அனுபம் பாசுவின் சி கோர்ஸ் 12 வாரம், சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட் மாதவன் முகுந்தின் பைத்தான் வழி டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் கோர்ஸ் 8 வாரம். பார்ப்பது இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் பரீட்சைக்கு 1,000 ரூபாய் கட்டி நேரில் போய் எழுத வேண்டும். அசைன்மென்ட் 25, பரீட்சை 75. நான் இரண்டாவதைச் சென்டர் கிளாஸோடு சேர்த்தே எடுத்தேன். பாடத்தின் தரத்தைக் கேட்டால் பேச்சே இல்லை, என்பிடெல்தான் மேலே. மாதவன் முகுந்த் ஒரு அல்காரிதம் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டுவது எங்கள் சென்டரில் யாருக்கும் வராது, போன சாருக்கும்கூட. ஆனால் வீட்டில் தனியாக உட்கார்ந்து, தம்பி டிவி பார்க்கிற சத்தத்தில், அசைன்மென்ட் கெடு புதன்கிழமை ராத்திரி என்று தெரிந்தும் செவ்வாய் வரை திறக்காமல் இருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர். சென்டருக்குப் போனதால் எனக்கு என்பிடெல் முடிந்தது, என்பிடெல் பார்த்ததால் சென்டரில் எங்கே பூசி மெழுகுகிறார்கள் என்று தெரிந்தது. ஏற்கெனவே அடிப்படை தெரிந்தவர்கள் சென்டருக்குப் போகாமல் இதையே எடுக்கலாம். சி-யில் முதல் புரோகிராமே போடாதவர்கள், அதுவும் பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்தவர்கள், ஆங்கில விரிவுரையில் தொடங்கினால் மூன்றாவது வாரத்தில் விட்டுவிடுவார்கள். சென்டரில் தமிழில் கேட்கலாம், தமிழில் திட்டும் வாங்கலாம்.

காலேஜோடு இடிப்பது இன்டர்னல் வரும் வாரங்களில். சிஐஏ என்கிற அந்த இன்டர்னல் தேர்வு நேரத்தில் சென்டருக்குப் போனால் ரியல் அனாலிசிஸ் போய்விடும், போகாவிட்டால் பைனரி ட்ரீ போய்விடும். நவம்பர் செமஸ்டருக்கு முன்னால் மூன்று வாரம் பேட்சை நிறுத்திவைக்க முடியுமா என்று சேரும்போதே கேளுங்கள். எங்கள் இடத்தில் ஃப்ரீஸ் என்று ஒரு முறை உண்டு, ஆனால் ஃபீஸ் முழுதும் கட்டியவர்களுக்கு மட்டும். தவணையில் இருப்பவர்கள் லெட்டர் எழுதி, காலேஜ் டைம்டேபிள் வைத்து, இரண்டு தடவை நடக்க வேண்டும். கொடுத்துவிடுகிறார்கள், அலைய வைத்துவிட்டு.

சென்டர் சான்றிதழுக்கு ஒரு மதிப்பும் இல்லை, அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். எம்சிஏ போகிற யோசனை இருந்தால் இந்த உழைப்பு வேறு விதத்தில் உதவும். என்ஐடி திருச்சியில் எம்சிஏ சேர நிம்செட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அதில் கணிதம்தான் பெரிய பகுதி, கம்ப்யூட்டர் கேள்விகள் அதைவிடக் குறைவு, ஆகவே மேக்ஸ் ஆட்கள் காலேஜ் பாடத்தை விட்டுவிட்டு சென்டரே கதி என்று இருப்பது புத்திசாலித்தனம் இல்லை.

சேருவதாக இருந்தால் கவுன்சிலரிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டு, நடக்கிற கிளாஸில் ஒரு நாள் உட்கார விடச் சொல்லுங்கள். மறுத்தால் வந்த வழியே திரும்பிவிடலாம். எடுக்கிறவர் எவ்வளவு நாளாக அங்கே இருக்கிறார், நடுவில் போய்விட்டால் யார் எடுப்பார், இரண்டு மணி நேரத்தில் கீபோர்டில் கை வைப்பது எவ்வளவு நேரம், மிஷினுக்கு ஒரு ஆளா இரண்டு ஆளா, இதெல்லாம் உள்ளே உட்கார்ந்திருக்கிற பழைய மாணவர்களிடம் கேட்டால் உண்மை வரும். எங்கள் பேட்சில் இருபத்திரண்டு பேருக்குப் பதினாறு மிஷின். லேட்டாக வருகிறவர்கள் தோள் வழியாக எட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப் திறந்திருக்கும், போர்டில் எழுதியிருக்க மாட்டார்கள், வாட்ச்மேன் அண்ணனிடம் ஐடி கார்டைக் காட்டினால் விட்டுவிடுவார். மூன்று பேர் நான்கு பேர்தான் வருவார்கள், வாரம் முழுக்கக் கிடைக்காத மிஷின் அன்றைக்குக் கிடைக்கும். ஜன்னல் பக்கம் ஆறாவது மிஷினில் மட்டும் உட்கார வேண்டாம். அதில் செமிகோலன் கீ வேலை செய்யாது, நான் சேர்ந்த நாளிலிருந்து சொல்லிப் பார்த்துவிட்டேன், இன்னும் மாற்றவில்லை.