குரலிலிருந்து மோர்ஸுக்கு மாறும்போது டயல் நகர வேண்டுமா, நிற்க வேண்டுமா?

ஐகாம் ஐசி-7300 என்ற அமெச்சூர் ரேடியோ ரிக்கின் (கருவியின்) மெனுவில் 'எஸ்எஸ்பி/சிடபிள்யூ சிங்க்ரனஸ் டியூனிங்' என்று ஒன்று இருக்கிறது. எஸ்எஸ்பி குரலுக்கான மோடு, சிடபிள்யூ மோர்ஸுக்கான மோடு; ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது டயல் அலைவரிசை தானாக நகர வேண்டுமா என்பதை இது தீர்மானிக்கும். ரிக் வாங்கும்போது அது ஆஃப் நிலையில்தான் வரும். கென்வுட் டிஎஸ்-590-லும் இதே வேலைக்கு ஒரு மெனு உண்டு.

எஸ்எஸ்பியில் டயல் காட்டுவது அடக்கப்பட்ட கேரியரின் (சுமக்கும் அலையின்) இடத்தை. அங்கே எதுவும் வெளியே போவதில்லை, குரல் அதற்கு மேலோ (அப்பர் சைடுபேண்ட்) கீழோ (லோயர் சைடுபேண்ட்) போகிறது. சிடபிள்யூவில் டயல் காட்டும் இடத்திலேயே கேரியர் போகும், ரிசீவர் மட்டும் பிட்ச் அளவு (மோர்ஸ் காதில் விழும் ஒலியின் சுருதி) தள்ளி நின்று கேட்கும். 7300-ல் அது வழக்கமாக 600 ஹெர்ட்ஸ்.

இப்போது 50.125 மெகாஹெர்ட்ஸில் அப்பர் சைடுபேண்டில் இருவர் பேசுகிறார்கள், குரல் இரைச்சலில் மூழ்குகிறது, ஒருவர் மோர்ஸுக்கு மாறுகிறார் என்று வையுங்கள். ஆஃபில் இருந்தால் அவருடைய கேரியர் சரியாக 50.125-லேயே போகும், இன்னும் எஸ்எஸ்பியில் காத்திருக்கும் எதிராளிக்கு அது ஜீரோ பீட், அதாவது எதுவுமே கேட்காது. ஆனில் இருந்தால் டயல் 50.1256-க்கு நகரும், எதிராளி காதில் 600 ஹெர்ட்ஸ் ஒலி தெளிவாக விழும். லோயர் சைடுபேண்டில் இதுவே 600 ஹெர்ட்ஸ் கீழே நகரும். தேய்ந்துபோன சிக்னலைக் காப்பாற்றத்தான் மோர்ஸுக்கே போகிறோம், அந்த நேரத்தில் ஆஃப் காலை வாரிவிடும்.

ஆஃபுக்கும் நியாயம் உண்டு. கிளஸ்டரில் (எந்த நிலையம் எந்த அலைவரிசையில் கேட்கிறது என்று பகிரும் இணையப் பட்டியலில்) வரும் ஸ்பாட்டை, அதாவது அறிவிப்பை, கிளிக் செய்து போகிறவர்களுக்கு, மென்பொருள் முதலில் அலைவரிசையை வைத்துவிட்டு அப்புறம் மோடை மாற்றினால், ஆன் அமைப்பு 600 ஹெர்ட்ஸ் தள்ளி நிறுத்திவிடும். குறுகிய ஃபில்டரில் அந்த நிலையம் கேட்கவே கேட்காது. இருவரும் ஒரே நேரத்தில் சிடபிள்யூவுக்கு மாறினாலும் ஆஃபில் சிக்கலே இல்லை, ஆனில் மட்டும் ஒருவர் பிட்ச் 600, இன்னொருவர் 700 என்றால் 100 ஹெர்ட்ஸ் விலகல் வரும். 500 ஹெர்ட்ஸ் ஃபில்டர் அதைத் தாங்கும்.

என் கட்சி ஆன்தான், கையால் டயல் சுற்றி பேண்டைத் துழாவுகிற எல்லோருக்கும். கணினி வழியே சிடபிள்யூ போட்டி ஆடுகிறவர்கள் ஆஃபிலேயே இருக்கட்டும். எதை வைத்தாலும் பதில் கொடுக்கும் முன் ஒருமுறை சிடபிள்யூ-ஆருக்கு (கேரியரின் மறுபக்கத்திலிருந்து கேட்கும் மோர்ஸ் மோடுக்கு) மாற்றிக் கேளுங்கள்: ஒலி மாறவில்லை என்றால் எதிராளியின் மேலேயே சரியாக இருக்கிறீர்கள், மாறினால் இன்னும் கொஞ்சம் டயல் சுற்ற வேண்டும்.