காலி விமானத்துக்கு 14 லட்சம்: சென்னை–துபாய் சார்ட்டர், ஆறு வருட அனுபவம்

போன வாரம் திருப்பூரிலிருந்து கல்லூரி நண்பன் போன் செய்தான். அவன் வேலை பார்க்கும் எக்ஸ்போர்ட் கம்பெனி முதலாளிக்குத் தனி விமானத்தில் துபாய் போக ஆசை வந்துவிட்டதாம். "நீதான் அடிக்கடி புக் பண்றியே, எப்படிடா இருக்கும்? எடுக்கலாமா?" என்றான். அரை மணி நேரம் பேசியும் நான் சொன்னது எனக்கே திருப்தியாக இல்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காசு என்னுடையது இல்லை. சென்னையில் ஒரு கம்பெனியில் அட்மின் மேனேஜராக இருக்கிறேன். 2019 முதல் எங்கள் சேர்மனுக்காகத் துபாய்க்கு ஒன்பது முறை சார்ட்டர், அதாவது முழு விமானத்தையும் வாடகைக்கு, எடுத்திருக்கிறேன். ஐந்து முறை சீட் மீதமிருந்ததால் நானும் ஏறிக்கொண்டேன். விமானத்தில் வயிறாரச் சாப்பிட்டவன்தான். ஆனால் பில் என் மேசைக்கு வருகிறது. வயிற்றெரிச்சல் அங்கேதான் ஆரம்பம்.

வாடகைக்குக் கிடைக்கும் ஜெட்டுகள் பெரும்பாலும் மும்பையிலும் டெல்லியிலும் நிற்பவை. சென்னையில் இருக்கும் நமக்கு வேண்டுமென்றால் அங்கிருந்து காலியாக வரும். பயணம் முடிந்து நம்மை இறக்கிவிட்ட பிறகு காலியாகத் திரும்பும். இரண்டுக்கும் மீட்டர் ஓடும். ராத்திரி பதினொரு மணிக்குத் தாம்பரத்தில் ஆட்டோ கேட்டால் "ரிட்டர்ன் சவாரி கிடைக்காது சார், சேர்த்துக் கொடுத்துடுங்க" என்பார்களே, அதே கதை. ஆட்டோக்காரரிடம் பேரமாவது பேசலாம்.

போன ஜனவரி பில்லையே சொல்கிறேன். எட்டு சீட் ஹாக்கர் 800எக்ஸ்பி, மணிக்கு 4 லட்சம். மும்பையிலிருந்து சென்னைக்கு வர ஒன்றே முக்கால் மணி. சென்னை–துபாய் எதிர்காற்றில் நாலே கால், திரும்பும்போது மூன்றே முக்கால். அப்புறம் சென்னையிலிருந்து மும்பைக்கு மறுபடி ஒன்றே முக்கால். பதினொன்றரை மணிக்கு 46 லட்சம். லேண்டிங், பார்க்கிங், ஹேண்ட்லிங், பைலட்டுகளின் ஹோட்டல், வரி எல்லாம் தனி. இதில் ஒரு பயணிகூட இல்லாமல் பறந்த மூன்றரை மணிக்கு மட்டும் 14 லட்சம்.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி எனக்குத் தூக்கம் வராது. மொபைலில் ஃபிளைட்ரேடாரைத் திறந்து வைத்து அந்தக் குட்டி மஞ்சள் விமானத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். சோலாப்பூர் தாண்டும். ராய்ச்சூர் பக்கம் வரும். உள்ளே விளக்கை அணைத்துவிட்டு எட்டு தோல் நாற்காலிகள் சும்மா வந்துகொண்டிருக்கும். கடப்பாவை எட்டும்போது எங்கள் கேட் வாட்ச்மேனின் இரண்டு வருடச் சம்பளம் தீர்ந்திருக்கும். என் மனைவி இதைப் பார்த்து, "உங்க காசா போகுது? தூங்குங்க" என்பாள். நியாயம்தான். ஆனாலும் தூக்கம் வராது.

சரி, தொழிலே இப்படித்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். 2022-இல் நடந்ததை மட்டும் ஜீரணிக்க முடியவில்லை. நாங்கள் துபாயில் இருந்தபோது எங்கள் புரோக்கரின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி வந்தது: 'எம்ப்டி லெக், சென்னை–மும்பை, வெள்ளி மாலை, எட்டு சீட், பாதி விலை.' எம்ப்டி லெக் என்றால் ஆளில்லாமல் காலியாகப் பறக்கும் அந்தப் பயணம். கூடவே ஒரு படம். வாலுக்குக் கீழே எழுதியிருந்த பதிவு எழுத்துகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்களை ஏற்றி வந்த அதே விமானம்! நான் முழுக் காசு கட்டிய பயணத்தை எனக்கே பாதி விலைக்கு விற்கிறார்கள்.

போன் போட்டுக் கத்தினேன். புரோக்கர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அக்ரிமெண்டுல இருக்கு சார், காலி லெக் ஆபரேட்டருக்குச் சொந்தம்" என்றார். எடுத்துப் பார்த்தால் ஏழாம் பக்கத்தில் இருந்தது. கீழே என் கையெழுத்தும் இருந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் 'காலி லெக்கை விற்றால் எங்களுக்குப் பங்கு' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன். இரண்டு முறை முடியாது என்றார்கள். மூன்றாவது முறை அந்த லெக்கின் வாடகையில் இருபது சதவீதம் கழித்தார்கள். ஆக, கேட்டால் கிடைக்கும். கேட்காவிட்டால் யாரும் தரமாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் பாவம். போன வருஷம் யாரோ துபாய்க்கு எடுத்துப் போன விமானம் பெங்களூருக்குக் காலியாகத் திரும்புகிறது என்று தெரிந்து, மூன்றில் ஒரு பங்கு விலைக்கு நாங்கள் அதில் வந்தோம். அன்று யார் காசில் வருகிறோம் என்று நான் கேட்கவே இல்லை. அந்தக் கம்பெனி அட்மின் மேனேஜர் எங்கேயோ உட்கார்ந்து என்னைத் திட்டியிருப்பார்.

விமானத்தைப் பற்றிப் பெரிய குறை எதுவும் இல்லை. ஹாக்கரின் கேபின் உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம், எங்கள் சேர்மன் ஆறடி, குனிந்தபடியேதான் டாய்லெட்டுக்குப் போவார். சாம்பாரைச் சூடாக்கினால் துபாய் வரும்வரை வாசம் போகாது. பெட்டி வைக்க வாசலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம்தான். ஒருமுறை குடும்பத்தோடு போய்த் திரும்பியபோது நுழையாத இரண்டு பெரிய பெட்டிகளை ஆபீஸ் பையனோடு சாதாரண விமானத்தில் அனுப்பினோம். பையனும் பெட்டியும் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள்.

காலை ஆறு மணிக்குச் சென்னையில் கிளம்பினால் துபாய் நேரம் எட்டே முக்காலுக்கு இறங்கிவிடலாம், ஒன்றரை மணி நேர வித்தியாசம் நம் பக்கம். இறங்குவது துபாயின் இன்னொரு ஏர்போர்ட்டான அல் மக்தூமில். பழைய துபாய் ஏர்போர்ட்டில் தனி விமானங்களுக்கு நேரம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அல் மக்தூமில் நடப்பதைத்தான் சேர்மன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். படியிறங்கினால் கார், காரில் இரண்டு நிமிடத்தில் லவுஞ்ச், பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு ஒரு பேரீச்சம்பழமும் சின்னக் கிண்ணத்தில் கஹ்வா என்கிற அரபுக் காபியும் தருவார்கள். கஹ்வா ஆறுவதற்குள் பாஸ்போர்ட் திரும்பி வந்துவிடும். விமானக் கதவு திறந்ததிலிருந்து கார் வெளியே கிளம்பும்வரை ஒருமுறை வாட்ச் வைத்துப் பார்த்தேன்: 11 நிமிடம். எத்தனை முறை போனாலும் எனக்கும் அது அலுக்கவில்லை.

அப்புறம் ஷேக் சயீத் ரோடு. எங்கள் மீட்டிங் எல்லாம் துபாயின் நிதி மையமான டிஐஎஃப்சி-யில். அல் மக்தூமிலிருந்து கிட்டத்தட்ட ஐம்பது கிலோமீட்டர், காலை நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல். சாதாரண விமானத்தில் பழைய ஏர்போர்ட்டில் இறங்கியவர் டாக்சியில் இருபது நிமிடத்தில் போய்விடுவார். 11 நிமிடத்தில் சம்பாதித்ததை ரோட்டில் கொட்டுகிறோம். துபாய் ஏர்போர்ட் முழுவதையுமே அல் மக்தூமுக்கு மாற்றப் போகிறார்கள், 128 பில்லியன் திர்ஹமில் புது டெர்மினல் என்று 2024-இல் அறிவித்தார்கள். அப்போது எல்லோரும் இந்த ரோட்டில்தான் நிற்கவேண்டும்.

ஒற்றைப்படை வருஷ நவம்பரில் மட்டும் போய்விடாதீர்கள். துபாய் ஏர்ஷோ அங்கேயேதான் நடக்கும். 2023-இல் எங்களை இறக்கிவிட்டு உடனே கிளம்பு என்று சொல்லிவிட்டார்கள், நிறுத்த இடமில்லை. விமானம் மஸ்கட்டுக்குப் போய் நின்றது. காலியாகப் போனது, காலியாக வந்தது. அந்த பில்லை நான் இன்னும் ஃபைலில் தனியாகக் கிளிப் போட்டு வைத்திருக்கிறேன்.

'நினைத்த நேரத்துக்குக் கிளம்பலாம்' என்பதையும் முழுசாக நம்பவேண்டாம். ஒரே நாளில் போய்த் திரும்புவதாகத் திட்டம். துபாயில் பகல் ஒரு மணிக்குக் கிளம்ப வேண்டியது, மீட்டிங் ஐந்து மணிவரை இழுத்துவிட்டது. லவுஞ்சில் கேப்டன் எழுந்து நின்று, எங்கள் டியூட்டி நேரம் போதாது, இன்று பறக்க முடியாது என்றார். சேர்மன் பத்து நிமிடம் கத்தினார். கேப்டன் கையைக் கட்டிக்கொண்டு முழுவதும் கேட்டுவிட்டு, "நாளை காலை ஏழு மணி, சார்" என்றார். அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. அடுத்த வாரம் ஹோட்டல் பில்லும் வந்தது.

நண்பனுக்கு இன்னொரு விஷயம். 'தெரிந்தவர் விமானம், முப்பது சதவீதம் குறைவு' என்று யாராவது வந்தால் விமானத் துறையைக் கண்காணிக்கும் டிஜிசிஏ கொடுத்த என்எஸ்ஓபி பெர்மிட், அதாவது விமானத்தை வாடகைக்கு விடுவதற்கான அனுமதி, அதன் நகலைக் கேள். தனியார் உபயோகத்துக்குப் பதிவான விமானத்தை வாடகைக்கு விடக்கூடாது. ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான். எங்களிடம் வந்தவரிடம் நகல் கேட்டேன், அதோடு ஆள் காணாமல் போனார்.

சேவை, விமானம், பைலட்டுகள் எல்லாவற்றுக்கும் தாராளமாக மார்க் போடுவேன். ஆனாலும் என்னைக் கேட்டால் எடுக்காதே. ஐந்து பேர் பிசினஸ் கிளாஸில் போய்வர ஆகும் செலவு, அந்தக் காலி விமானத்துக்கு நாங்கள் கட்டிய 14 லட்சத்தைத் தொடாது.

நேற்று சாயங்காலம் சேர்மன் கூப்பிட்டு, "அடுத்த மாசம் துபாய், அஞ்சு பேர், அதே ஃபிளைட் பாருங்க" என்றார். புரோக்கருக்கு வாட்ஸ்அப் போட்டேன். தேதி, ஆட்கள் எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் முன்னால் முதல் வரியாகக் காலி லெக் பங்கைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.